டிமென்ஷியா முதியவர்களிடம் வாரம் ஒரு புதுமுகத்தை அனுப்பாதீர்கள்: கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: கன்னியாகுமரி மாவட்டத்தின் கலை அறிவியல், சமூகப்பணி, செவிலியர் கல்லூரிகளின் முதல்வர்கள், இன்டர்ன்ஷிப் ஒருங்கிணைப்பாளர்கள்

மதிப்பிற்குரிய முதல்வர்களே, ஒருங்கிணைப்பாளர்களே,

இந்தப் பருவத்துக்கான இன்டர்ன்ஷிப் அட்டவணையைச் சில கல்லூரிகள் முதியோர் இல்லங்களுக்கு அனுப்பியிருக்கின்றன. வாரத்துக்கு ஒரு குழு, குழுவுக்கு 25 மாணவர்கள், திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 10 முதல் மாலை 4 வரை. மொத்தம் 30 மணி நேரம், ஒரு கிரெடிட். தினமும் எடுத்த இடத்தைக் காட்டும் ஜியோடேக் போட்ட புகைப்படம் ஒன்று, கடைசி நாளில் இல்லத்தின் முத்திரையோடு சான்றிதழ். அடுத்த திங்கட்கிழமை வேறு 25 பேர். டிமென்ஷியா என்ற மறதிநோய் உள்ள முதியவர்களைப் பராமரிக்கும் செவிலியர்களும் பராமரிப்பாளர்களும் சமூகப்பணியாளர்களும் குடும்பத்தினருமாகிய நாங்கள், இந்த அட்டவணையை ஏற்க முடியாது என்று சொல்லவே இதை எழுதுகிறோம்.

மாணவர்களே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆள் பற்றாக்குறை எப்படிப்பட்டது என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். எண்பது வயதுக் கணவரை எழுபத்தைந்து வயது மனைவி தனி ஆளாகக் குளிப்பாட்டுகிறார். 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று, இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாகக் கணக்கிட்டது. இத்தனை பேருக்கும் சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பார்க்க யாராலும் முடியாது. இளையவர்கள் கைகொடுத்தே ஆக வேண்டும். அதனால்தான் அவர்கள் வரும் முறை சரியாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

இந்த நோயில் புதிய நினைவு தங்காது, ஆனால் பழக்கம் மெல்ல மெல்லப் படியும். அதே குரல், அதே நேரம், அதே நாற்காலி, கையைப் பிடிக்கும் அதே விதம் என்று சில வாரங்கள் தொடர்ந்தால், பெயர் தெரியாவிட்டாலும் "இது நம்ம ஆளு" என்ற உணர்வு நிற்கும். காலையில் நடந்ததை மாலையில் மறந்துவிடுபவருக்கும் அந்த நிகழ்வு தந்த பயமோ நிம்மதியோ மறையாமல் இருக்கும். ஐந்து நாளில் இந்தப் பழக்கம் படிவதே இல்லை. படியத் தொடங்கும்போது வெள்ளிக்கிழமை வந்துவிடுகிறது.

கூடத்தில் 25 அந்நியர்கள் ஒரே நேரத்தில் நுழைந்தால் அங்கே உட்கார்ந்திருக்கும் ஆச்சிக்கு என்ன தெரியும்? தன் வீட்டில் ஏதோ நடந்துவிட்டது, ஊரே கூடியிருக்கிறது என்று தெரியும். துட்டி வீடு, அதாவது சாவு வீடு, என்று நினைத்து அழுதவர்கள் உண்டு. அதன்மேல் ஒவ்வொரு மாணவரும் அன்போடு கேட்கும் கேள்வி: "பாட்டி, என்னைத் தெரியுதா? நேத்து வந்தேனே?" அன்பாகக் கேட்டாலும் அது ஒரு பரீட்சை. அதில் ஒரு நாளைக்கு 25 தடவை தோற்றவர் இரவில் சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறார், தூங்குவதில்லை, சேலை மாற்ற வரும் பராமரிப்பாளரை அடிக்கிறார். மாணவர்களின் அறிக்கையில் இது வராது. அவர்கள் நாலு மணிக்கே போய்விட்டார்கள்.

நாலு மணி என்பதே தவறான கணக்கு. காலை பத்து முதல் பன்னிரண்டு வரை பெரும்பாலான இல்லங்கள் அமைதியாகத்தான் இருக்கும். வெயில் சாயத் தொடங்கும்போதுதான் பதற்றம் ஏறும். "வீட்டுக்குப் போணும்", "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்", "பிள்ள ஸ்கூல் விட்டு வந்திருக்கும்" என்று எழுந்து கதவைத் தேடுவார்கள். பகல் முழுக்கச் சேர்ந்த களைப்பு, மங்கும் வெளிச்சம், சுவரில் நீளும் நிழல், ஊழியர்கள் ஷிப்ட் மாறும் சந்தடி எல்லாம் சேர்ந்து வருவது அது. உடன் உட்கார ஓர் ஆள், போட்டுவிட ஒரு விளக்கு, "வீட்டுல யாரெல்லாம் உண்டு?" என்று கேட்டு அவர் பேசுவதைக் கேட்கும் பொறுமை: அந்த நேரத்தில் தேவைப்படுவது இவ்வளவுதான். "இதுதான் உங்க வீடு" என்று வாதாடினால் பதற்றம் கூடும். "அம்மா எங்கே?" என்று கேட்பவரிடம் "அவங்க செத்து முப்பது வருஷமாச்சு" என்று திருத்தினால், அந்தச் செய்தியை அவர் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறார்.

சாப்பாட்டு வேளையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். மாணவர்களுக்கு முதலில் ஒப்படைக்கப்படும் வேலை ஊட்டிவிடுவதுதான். "அது எளிது, எல்லோருக்கும் தெரியும்" என்ற எண்ணம். இந்த மாவட்டத்தில் முதியவர்களுக்குக் கொடுப்பது பெரும்பாலும் கஞ்சி. விழுங்கும் திறன் குறைந்தவருக்குத் தண்ணீர் பிரிந்து நிற்கும் கஞ்சி ஆபத்தானது. வாயில் சோற்றை மென்றுகொண்டிருக்கும்போதே தண்ணீர் முந்திக்கொண்டு தொண்டையில் வழிந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். புட்டு உதிரி உதிரியாய்ப் போய்த் தொண்டையில் ஒட்டும். மீன் முள்ளை நாக்கால் பிரித்துத் துப்பும் திறமை போயிருக்கும். கட்டன் சாயா போன்ற நீர்த்த பானங்களும் சிலருக்கு இருமலை வரவழைக்கும். கஞ்சியை மிக்சியில் அடித்து ஒரே பதமாக்குவதா, எவ்வளவு கெட்டியாக்குவது என்பதையெல்லாம் அவரவர் விழுங்கும் நிலையைப் பார்த்துச் செவிலியர்தான் சொல்ல வேண்டும்.

ஊட்டும் முறையும் உண்டு. முதியவர் முதுகு நிமிர்ந்து, கால் தரையில் பட உட்கார்ந்திருக்க வேண்டும். ஊட்டுபவரும் உட்கார்ந்து, கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து பார்ப்பார். கழுத்து பின்னால் சாயும், மூச்சுக்குழாய் வாய் திறந்துகொள்ளும். பெரிய கரண்டி கூடாது. டீஸ்பூனில் பாதி போதும். ஒரு வாய் விழுங்கியதைத் தொண்டை அசைவில் பார்த்த பிறகே அடுத்த வாய். கன்னத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்; ஒதுக்கியிருப்பதைத் தண்ணீர் ஊற்றித் தள்ளக் கூடாது. விழுங்கியபின் குரல் ஈரமாகக் களகளவென்று கேட்டாலோ, கண் கலங்கினாலோ, இருமினாலோ உடனே நிறுத்திச் செவிலியரைக் கூப்பிட வேண்டும். இருமலே இல்லாமலும் உணவு நுரையீரலுக்குள் போகும். அது இரண்டு நாள் கழித்துக் காய்ச்சலாக, நிமோனியாவாகத் தெரியவரும். அதற்குள் ஊட்டிய குழு போய் அடுத்த குழு வந்திருக்கும். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது என்பதையாவது இதுவரை வந்த குழுக்களுக்கு யாராவது சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

ஒரே மாணவர் தொடர்ந்து வருவதில் நாங்கள் காணும் மிகப் பெரிய பயன், மாற்றத்தைக் கண்டுபிடிப்பது. டிமென்ஷியா மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நகரும் நோய். ஒருவர் ஓரிரு நாளில் திடீரென்று குழம்பினால், இல்லாத ஆளோடு பேசினால், அல்லது வழக்கத்துக்கு மாறாகச் சுருண்டு தூங்கிக்கொண்டே இருந்தால், அது நோய் முற்றியதாக இருக்காது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடலில் நீர் வற்றுதல், நிமோனியா, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று வேறு காரணம் இருக்கும். சளிக்கு மெடிக்கல் ஸ்டோரில் வாங்கும் குளோர்பெனிரமின் கலந்த மாத்திரைகூட இப்படிக் குழப்பும். இதற்கு டெலிரியம் என்று பெயர். அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டிய அவசரம் அது. பெரும்பாலும் சரிசெய்யவும் முடியும். சத்தம் போடுபவரையாவது எல்லோரும் கவனிப்பார்கள். அமைதியாகச் சோர்ந்து கிடப்பவரை "இன்னைக்கு தொந்தரவில்லாம இருக்காரு" என்று விட்டுவிடுவார்கள். "போன வியாழக்கிழமை இப்படி இல்லையே" என்று சொல்ல, போன வியாழக்கிழமையும் வந்த ஒருவர் வேண்டும். வாரம் மாறும் குழுவில் அப்படி ஒருவர் இருக்கவே முடியாது.

வலியும் அப்படித்தான். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவரிடம் மூச்சு, முனகல், முகம், உடலின் இறுக்கம், ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பிட்டு, பத்துக்கு எத்தனை என்று குறிக்கும் பெயினாட் என்ற அளவுகோல் இருக்கிறது. ஒரு மாணவர் அதை ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்த முதியவரின் வழக்கமான முகம் எது என்று தெரிந்தால்தான் அது பயன்படும்.

மொழியைப் பற்றியும் நீங்கள் யோசிக்க வேண்டும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி இந்த மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர்ப் பள்ளிகளில் சேர்ந்தவர்களில், குறிப்பாக விளவங்கோடு, கல்குளம் பக்கத்தவர்களில், முதலில் மலையாள எழுத்து பழகியவர்கள் உண்டு. இன்று அவர்களுக்கு எழுபத்தைந்தை ஒட்டியோ அதற்கு மேலோ வயது. டிமென்ஷியாவில் பின்னால் கற்றது முதலில் உதிரும். சிலர் சிறுவயது மொழிக்கே திரும்பிவிடுவார்கள். அவர்களிடம் தமிழில் அச்சடித்த வாக்கியத்தைக் காட்டி "படிங்க" என்று சோதித்து, "படிக்க இயலவில்லை" என்று மாணவர் குறித்தால் அந்த மதிப்பெண்ணுக்கு அர்த்தமே இல்லை. பிறந்த வருடம் கேட்டால் "1120 மாசி" என்பார்கள். அது உளறல் அல்ல. மலையாள ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டில் 1120 மாசி என்றால் ஆங்கில ஆண்டு 1945. சரியான விடைக்குச் சுழியம் போட்ட தாள்களைப் பார்த்திருக்கிறோம். மலையாளம் பேசத் தெரிந்த மாணவர்கள் உங்கள் வகுப்புகளில் நிறைய இருக்கிறார்கள். அவர்களை யாருடன் சேர்ப்பது என்று முன்கூட்டியே எங்களோடு பேசினால் போதும்.

குழந்தைகளுக்கான வண்ணம் தீட்டும் புத்தகங்களைக் கொண்டு வராதீர்கள். கடற்கரை ஊர்க்காரர் கையில் வலை நூலையும் மொட்டை முனை வலை ஊசியையும் கொடுத்துப் பாருங்கள். பேச்சு போனவரின் விரல்கள் கண்ணி போடும். தோவாளைப் பக்கத்து ஆச்சியிடம் பிச்சிப்பூவும் வாழைநாரும் கொடுங்கள். முருங்கைக்கீரை ஆய்வது, பயறு உரிப்பது, துண்டு மடிப்பது எல்லாம் வேலைதான். செய்து முடித்ததை உண்மையாகவே சமையலறையில் பயன்படுத்த வேண்டும். அவர் கண்முன்னே குப்பையில் போடக் கூடாது. ஜெபமாலையோ, பஜனைப் பாட்டோ, அய்யாவழியினரின் உகப்படிப்போ, பாங்கு சத்தமோ, எதில் அவர் அமைதியாகிறார் என்று குடும்பத்திடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

கடைசி நாள் நிகழ்ச்சிகளை அறவே நிறுத்துங்கள். மைக் செட் வைத்தால் காது கேட்கும் கருவி வைத்திருப்பவருக்கு அது வலி. லட்டும் மிக்சரும் சர்க்கரை உள்ளவருக்கும் பல் இல்லாதவருக்கும் கேடு. அந்தக் கூட்டத்தில் யாரோ ஒருவர் கேட்டைக் கொண்டி போடாமல் விட்டுவிட்டுப் போகிறார். இங்கே ஊருக்கு ஊர் குளம், கால்வாய். வெளியே இறங்கிய முதியவரைத் தேட எங்களுக்கு அதிக நேரம் இருக்காது.

மாணவர்களின் நிலையும் எங்களுக்குக் கவலை தருகிறது. பத்தொன்பது வயதுப் பிள்ளையை ஒருவர் "என் மோதிரத்தை எடுத்தவ நீதானே" என்று எல்லோர் முன்னிலும் சொல்வார். இன்னொருவர் நோயின் காரணமாக ஆடையைக் கழற்றுவார், தொடக் கூடாத இடத்தில் தொடுவார். பழகிய முதியவர் திடீரென்று இறந்துபோவார். இவற்றுக்கு என்ன செய்வது, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் பிள்ளைகள் கழிப்பறையில் போய் அழுகிறார்கள். திருட்டுப் பழி வந்தால் வாதாடாமல், ஊழியர் ஒருவரைக் கூப்பிட்டு முதியவரோடு சேர்ந்து தேட வேண்டும். பணம், நகை எதையும் கையில் வாங்கவே கூடாது. இதை ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுக்கலாம். சொல்லிக்கொடுக்காமல் அனுப்புவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

ஆகவே நாங்கள் கேட்பது இது. 30 மணி நேர ஐந்து நாள் அட்டவணையைத் திரும்பப் பெறுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம், பதினைந்து வாரம் என்று வையுங்கள். மொத்தம் 60 மணி நேரம் வரும், இரண்டு கிரெடிட் கொடுக்கலாம். ஒரு மாணவருக்கு ஒரு முதியவர். கிழமையும் நேரமும் மாறக் கூடாது. நேரம் மாலை 4 முதல் 6. மாணவிகள் பஸ்ஸுக்குத் திண்டாடாதபடி ஆறு மணிக்குக் கல்லூரி வண்டியை இல்ல வாசலுக்கு அனுப்புங்கள். கார்த்திகை, மார்கழியில் அந்நேரமே இருட்டிவிடும்.

ஒரு நேரத்தில் ஓர் ஊழியருக்கு நான்கு மாணவர்களுக்கு மேல் வேண்டாம். ஷிப்டில் இரண்டே செவிலியர் இருக்கும் இல்லத்துக்கு 25 பேர் வந்தால், அந்த இருவரும் மாணவர்களைப் பார்ப்பார்களா, முதியவர்களைப் பார்ப்பார்களா?

இல்லத்துக்குள் கால் வைக்கும் முன் 12 மணி நேரப் பயிற்சி கட்டாயமாக்குங்கள். பாடம் எடுக்க எங்கள் செவிலியர்கள் வருவார்கள். அதில் ஒரு அமர்வில் மாணவர்கள் ஒருவருக்கொருவர் ஊட்ட வேண்டும்: கண்ணைக் கட்டி, ஒருவர் நின்றுகொண்டு வேகமாக, பிறகு உட்கார்ந்து நிதானமாக. முன்பக்கமாக வந்து, பெயர் சொல்லி, ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் கேட்டு, பதிலுக்காகப் பத்துப் பதினைந்து விநாடி காத்திருக்கவும் பழக வேண்டும். குளிப்பாட்டுவது, படுக்கையிலிருந்து தூக்குவது, மாத்திரை கொடுப்பது, விழுங்கல் சிரமம் உள்ளவருக்கு ஊட்டுவது ஆகிய நான்கும் மாணவர் வேலை அல்ல என்று உத்தரவிலேயே எழுதுங்கள். அக்குளில் கை கொடுத்து ஒருவரைத் தூக்கினால் தோள்மூட்டு நழுவலாம். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் ஈரமான வராண்டாவில் அவர் விழுந்தால் இடுப்பெலும்பு உடையும். சளி, காய்ச்சல் உள்ள மாணவர் அன்று வரக் கூடாது. அதற்காக வருகைப் பதிவில் மதிப்பெண் குறைக்கவும் கூடாது.

புகைப்படம் கேட்பதை நிறுத்துங்கள். சம்மதம் சொல்ல முடியாத ஒருவரின் முகம் உங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வர வேண்டிய தேவை இல்லை. அதற்குப் பதிலாக இரண்டை மதிப்பிடுங்கள். ஒன்று, குடும்பத்திடம் கேட்டு எழுதிய ஒரு பக்க வாழ்க்கைக் குறிப்பு: வீட்டில் கூப்பிட்ட பெயர், பாட்டா என்பதா அப்பச்சி என்பதா சார் என்பதா, முதல் மொழி, செய்த தொழில், பிடித்த சாப்பாடு, பயம், கண்ணாடி, காது கேட்கும் கருவி. மற்றொன்று, நாள்குறிப்பு. அது இப்படி இருந்தால் போதும்: "மாலை 4.40. குளியலறை வாசலில் நின்றுவிட்டார். கையைப் பிடித்ததும் தள்ளினார். அதற்கு முன்: வாசலில் புதிதாகக் கறுப்பு மிதியடி போட்டிருந்தது. பிறகு: மிதியடியை எடுத்ததும் தானே உள்ளே போனார்." டிமென்ஷியா உள்ளவர் கண்ணுக்குத் தரையில் கிடக்கும் கறுப்புத் துண்டு பள்ளமாகத் தெரியலாம். இந்த நான்கு வரியால் மறுநாளிலிருந்து ஒருவர் அடம்பிடிக்காமல் குளிப்பார். இந்தக் குறிப்புகள் இல்லத்திலேயே இருக்கட்டும். கல்லூரிக்குப் பெயர் நீக்கிய நகல் போதும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பொறுப்பாசிரியர் நேரில் வர வேண்டும். வாரத்துக்கு முக்கால் மணி நேரம் மாணவர்களை உட்கார வைத்து, நடந்ததைப் பேச விட வேண்டும். கட்டிலில் கட்டிப்போடுவது, அடிப்பது, பட்டினி போடுவது போன்ற எதைக் கண்டாலும், அது எங்கள் இல்லமாகவே இருந்தாலும், ஆசிரியரிடமும் முதியோர் உதவி எண் 14567-லும் சொல்லலாம், அதனால் சான்றிதழ் நிற்காது என்று எழுத்தில் கொடுங்கள். பருவம் முடியும்போது கடைசி இரண்டு வருகைகளில் அடுத்த மாணவரும் கூட வந்து உட்கார்ந்து, பழகிய கையிலிருந்து புதிய கைக்கு மாற வேண்டும்.

அடுத்த குழு வரும் தேதி ஏற்கெனவே அட்டவணையில் இருக்கிறது. அதை இப்போதே நிறுத்தி வையுங்கள். செவிலியர், இல்லப் பொறுப்பாளர், குடும்பத்தினர், மாணவர் பிரதிநிதி ஆகியோரை ஒரே மேசையில் கூட்டி, மேலே கேட்டவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று எழுத்தில் பதில் தாருங்கள். அந்தப் பதில் வரும் வரை 25 பேர் கொண்ட எந்தக் குழுவின் சான்றிதழிலும் நாங்கள் கையெழுத்திட மாட்டோம்.

இப்படிக்கு,
டிமென்ஷியா முதியோர் பராமரிப்பில் உள்ள செவிலியர்கள், பராமரிப்பாளர்கள், சமூகப்பணியாளர்கள், குடும்பத்தினர்
கன்னியாகுமரி மாவட்டம்